நடுப்பாலம் வரைக்கும் வந்த நடை

ஓசூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது பாலத்தின் அதிர்வுகளை ஆள் உட்கார்ந்து பார்ப்பதில்லையாம். சென்சார்கள் அனுப்புவதைக் கணினியே பிரித்து, இது வண்டி, இது காற்று, இது வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறதாம். என்னோடு வேலை பார்த்த சுமதி போன மாதம் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னாள். இரைச்சல் என்று ஒதுக்கியதைப் பிறகு யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்றாள். காபியைக் குடித்துவிட்டு, "இத்தன வருஷத்துல உங்களுக்கு எப்பவாச்சும் பயம் வந்திருக்காக்கா?" என்று கேட்டாள்.

வந்திருக்கிறது. ஒரே ஒரு பாலத்தில். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் பிறந்தவள். மாதா கோயில் தெருவில் வீடு. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்ததும் ஓசூரில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தினமும் விடியும் முன்பே பஸ் ஏறுவேன். குருபரப்பள்ளி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன், சிப்காட் வந்ததும் யாராவது தட்டி எழுப்புவார்கள். பல வருடங்கள் பூதக்கண்ணாடி வழியாகப் பல்சக்கரங்களைப் பார்த்ததில் கண் கெட்டது. அதன் பிறகு, இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் சென்சார் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். முதலில் மோட்டார், அப்புறம் பிரஸ் மெஷின், கடைசியில் பாலங்கள்.

பாலத்துக்கான சென்சார் சோப்பு டப்பா அளவில் இருக்கும். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே விரல் நீள ஆன்டெனா. அதைக் கேபிளில் இறுக்கிப் பூட்டிவிட்டால் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். கேபிள் அதிர்ந்தால் விழித்து, அந்த அதிர்வைப் பதிவு செய்து, கரையில் நிற்கும் ரிசீவர் பெட்டிக்கு அனுப்பும். அங்கிருந்து ஓசூருக்கு வரும். ஒயர் எதுவும் கிடையாது. இழுத்துக் கட்டிய கம்பியைத் தட்டினால் ஒரு சுருதி கேட்கும் அல்லவா, ஒவ்வொரு கேபிளுக்கும் அப்படி ஒன்று உண்டு. சுருதி இறங்கினால் கேபிள் தளர்கிறது, அல்லது அதன்மேல் ஏதோ பாரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வேலை முழுக்க இதுதான்.

எங்கள் மேலாளர் வெங்கடேசப்பா. தளி பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், எங்களிடம் தமிழ். வரைபடம் பார்க்கும்போது உட்கார மாட்டார். நாற்காலியை நகர்த்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஏதாவது ஒரு அளவு வித்தியாசமாக வந்தால் அவரிடமிருந்து மூன்று கேள்விகள் வரும், எப்போதும் அதே வரிசையில். "பேட்டரி?" "வெயில்?" "பிடி?" பேட்டரி இறங்கினால் சென்சார் உளறும். வெயில் ஏறினால் கேபிள் நீளும். பூட்டிய பிடி தளர்ந்தால் இல்லாத அதிர்வு எல்லாம் வரும். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு, "அப்புறம்?" என்பார். "சென்சார் தப்பு சார்" என்று யாராவது சொன்னால் திட்ட மாட்டார். அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டிக் காட்டச் சொல்வார். 'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதேயில்லை. 'தெரியல' என்பதைத் தாராளமாகச் சொல்வார்.

ஒருமுறை வேறொரு பாலத்தில் ஒரு கேபிளின் சுருதி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்துக் கேபிள்களில் மாற்றமே இல்லை. யாரோ அதன்மேல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றுவதுபோல இருந்தது. மூன்று கேள்வியும் கேட்டாகிவிட்டது. நேரில் போய்ப் பார்த்தால், கேபிளின் உச்சியில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தது. கறுப்பாக, மூச்சு விடுவதுபோல அசைந்துகொண்டிருந்தது. வெங்கடேசப்பா அதை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சென்சார் பொய் சொல்லலம்மா. நாமதான் கேக்கத் தெரியாம கேட்டோம்" என்றார். இது சிரித்துவிட்டு மறக்கக்கூடிய சம்பவம். அடுத்தது அப்படி இல்லை.

தென்பெண்ணைமேல் ஒரு தொங்கு நடைபாலம். ஊர்ப் பெயர் வேண்டாம். மேற்குக் கரையில் ஊரும், ஊருக்குப் பின்னால் ஒரு பாறைக் குன்றும் இருந்தன. கிழக்குக் கரையில் தொழிற்சாலைகளுக்குப் போகும் ரோடும், கைவிட்ட கல்குவாரி ஒன்றும். ஊரில் பாதிப் பேர் அந்தப் பாலத்தில் நடந்துபோய்த்தான் ஷிஃப்ட் பஸ் பிடிப்பார்கள். இரண்டு பக்கமும் பெரிய கேபிள். அதிலிருந்து வரிசையாகத் தொங்கு கேபிள்கள் இறங்கி நடைபாதையைத் தாங்கும். ஒவ்வொரு தொங்கு கேபிளிலும் எங்கள் சென்சார் இருந்தது.

மழைக்காலத்தில் மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்தால், அதில் கலந்து வரும் தொழிற்சாலைக் கழிவால் அந்த ஆற்றில் நுரை வரும். பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சோப்பு நுரை மாதிரிதான், ஆனால் வீட்டு உயரத்துக்கு. சத்தமே இருக்காது. ஆறு அந்த இடத்தில் வளைவதால் மேற்குக் கரையோரம்தான் வழக்கமாகக் குவியும். அந்த வருடம் பாலத்தையே மூடிவிட்டது. காற்றில் பிய்ந்து ரோட்டிலும் வயலிலும் உருண்டு போனது. பாலத்தின் இரண்டு முனையிலும் சங்கிலி போட்டு, போகக்கூடாது என்று பலகை வைத்தார்கள். எங்கள் ரிசீவர் பெட்டியும் நுரைக்குள் போனது. ஈர நுரையைத் தாண்டி ரேடியோ வராது. ஓசூரில் எங்கள் திரையில் அந்தப் பாலம் வெறும் கோடாகக் கிடந்தது.

அந்த நாட்களில்தான் முனிராஜ் காணாமல் போனார். அக்கரையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க, பொழுது சாய்கிற நேரத்தில் சங்கிலியைத் தாண்டிப் பாலத்தில் ஏறியிருக்கிறார். சுற்றிக்கொண்டு போனால் பஸ் போய்விடும். நடுப்பாலத்தில் நின்று மனைவி ரத்னம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். எல்லாம் வெள்ளையாக இருக்கிறது, கைப்பிடியைத் தடவிக்கொண்டு நிற்கிறேன் என்றிருக்கிறார். அத்தோடு போன் அறுந்துவிட்டது. தொழிற்சாலைக்கு அவர் போகவில்லை. நுரை வடிந்த பிறகு தீயணைப்புக்காரர்கள் ஆற்றில் வெகுதூரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. நடுப்பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

பெட்டியைக் காயவைத்துச் சரி செய்ததும் பாலம் மறுபடி எங்கள் திரையில் உயிர் பெற்றது. சங்கிலி இன்னும் இருந்தது, பாலத்தில் யாரும் போகவில்லை. அன்று மாலை, நான் கிளம்புகிற நேரம், திரையில் மேற்கு முனையின் முதல் கேபிளில் ஒரு துடிப்பு விழுந்தது. பிறகு இரண்டாவது கேபிளில். பிறகு மூன்றாவதில். ஒன்று அழுத்தமாக, அடுத்தது லேசாக, மறுபடி அழுத்தமாக. யாரோ மெதுவாக நடந்து வருவதுபோல ஒவ்வொரு கேபிளாக முன்னேறியது. நடுப்பாலம் வந்தது. நின்றது. அக்கரைக்கும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை.

மறுநாள் மாலையும் வந்தது. அதற்கடுத்த நாளும்.

வெங்கடேசப்பாவைக் கூப்பிட்டேன். நாற்காலியை நகர்த்திவிட்டு நின்றார். பேட்டரி சரி. பிடி சரி. வெயிலுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, மாலை நேரம் என்று மட்டும் சொன்னேன். அவர் வேறொரு வரைபடத்தை, சுருதியை வைத்துக் கணக்கிட்ட இழுவிசைக் கோட்டைத் திறக்கச் சொன்னார். பாலத்தில் ஆள் நடந்தால், அவர் கடக்கும் கேபிளில் இழுவிசை கொஞ்சம் ஏறி இறங்கும். உடம்பின் பாரம் அது. இதில் அந்தக் கோடு அசையவே இல்லை.

"நடை இருக்கு. ஆளோட எடை இல்ல," என்றார். சொல்லிவிட்டு, அதை மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னார்.

அடுத்த நாள் இருவரும் பாலத்துக்குப் போனோம். மேற்குக் கரையில் பாஷா பாய் காவலுக்கு இருந்தார். மத்தூரில் பழக்கடை வைத்திருந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். சாதாரணமாக நிறையப் பேசுவார். அன்று எங்களுக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு, பாலத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வெயில் மஞ்சளாகி, குன்றின் நிழல் எங்கள் காலடியைத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் 'டக்' என்று ஒரு சத்தம். காலிப் பலகைமேல் செருப்பு வைத்ததுபோல. அடுத்து கொஞ்சம் தள்ளி, லேசாக. அப்புறம் இன்னும் தள்ளி. கண்ணெதிரே பாலம் காலியாகக் கிடக்கிறது, சத்தம் மட்டும் எங்களைவிட்டு நடுப்பக்கம் நகர்ந்து போகிறது. நான் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் போய் நின்றதும் ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் தெனமும் கேக்கறேன் மேடம்," என்றார் பாஷா பாய், திரும்பாமலே. "மொத நாளு யாருன்னு கூப்புட்டேன். அப்பறம் கூப்புடறதில்ல."

அவர் இதை ஊரில் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ரத்னம்மா ஓசூர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். முப்பது வயதுதான் இருக்கும். பஸ்ஸில் வந்த தூசி முகத்திலிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். மெஷினில் அவர் நடை தெரிகிறதாமே, காட்டுங்கள் என்றார்.

நான் வெங்கடேசப்பாவைப் பார்த்தேன். "காட்டும்மா," என்றார் அவர்.

காட்டினேன். ரத்னம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மேஜையில் விரல்களால் தட்டினார். அழுத்தமாக ஒன்று, லேசாக ஒன்று. அழுத்தமாக ஒன்று, லேசாக ஒன்று. முனிராஜுக்கு வலது காலில் வண்டி ஏறி, அந்தக் காலை ஊன்றாமல்தான் நடப்பாராம். நான் திரும்பத் திரையைப் பார்த்தேன். அதே தாளம்.

சில நாட்களில் இது வருவதில்லை என்று நான் சொன்னேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக. எந்த நாட்கள் என்று கேட்டார். பார்த்தேன். மழை பெய்த நாட்கள்.

"மழ நாளுல அவரு வேலைக்குப் போவ மாட்டாரு," என்றார் ரத்னம்மா.

வெங்கடேசப்பா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பியபோது முகம் வேறு மாதிரி இருந்தது. மழை நாளில் வெயிலும் கிடையாது என்றார், என்னிடம். வெயில் இல்லாவிட்டால் நிழலும் கிடையாது. அன்று மாலை குன்றின் நிழல் பாலத்தில் ஏறியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் சத்தத்தையும் நிழலையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நிழல் ஒவ்வொரு கேபிளாக மூடிக்கொண்டு போகிறது. சூடான இரும்பு திடீரென்று குளிர்ந்து சுருங்குகிறது. எங்கோ ஏதோ ஒன்று வழுக்குகிறது.

பிறகு ரத்னம்மாவிடம் வந்து, "இது அவரு இல்லம்மா. பாலத்துல ஏதோ கெட்டுப்போயிருக்கு," என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தப் பெண் அதை ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. "அப்ப அன்னிக்கு நடந்தது எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நுரை மூடிய நாட்களில் ரிசீவருக்குத்தான் எதுவும் வரவில்லை. சென்சார்கள் விழித்துத்தான் இருந்தன. பதிவு செய்ததை அனுப்ப முடியாவிட்டால், தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஆனால் பழையதைத் தாமாக மறுபடி அனுப்பாது. ஆள் பக்கத்தில் போய்க் கேட்டால்தான் கொடுக்கும். அதோடு உள்ளே இடமும் குறைவு. புதிது வர வர, மிகப் பழையது அழியும். அதாவது, மாலைதோறும் வரும் இந்த எடையில்லாத நடை, அந்த மனிதர் நிஜமாக நடந்த நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், பாலத்துக்குப் போனோம். மேலே ஏறிப் பார்க்கிற ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டோம். நானும் வெங்கடேசப்பாவும் இடுப்பில் பாதுகாப்புப் பெல்ட் மாட்டி, கொக்கியைக் கைப்பிடிக் கம்பியில் கோத்துக்கொண்டு நடந்தோம். பலகைகளில் நுரை காய்ந்து சாம்பல் நிறத்தில் பொருக்கு தட்டியிருந்தது. மருந்து நாற்றம் அடித்தது. ஒவ்வொரு சென்சாருக்குக் கீழும் நின்று, கையிலிருந்த கருவியை அதன் பக்கத்தில் பிடித்து, உள்ளே இருப்பதை வாங்கிக்கொண்டோம்.

மேலே ஏறியவர் குரல் கொடுத்தார். பெரிய கேபிளைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புகளில் போல்ட் அரித்துப்போய்விட்டது என்றார். கிளாம்ப் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் துரு உரிந்து, பளபளவென்று புதுக் கீறல். தினமும் வழுக்கிய தடம் அது. நுரை வழக்கமாகக் குவிகிற மேற்குப் பாதியில் மட்டும், நடுப்பாலம் வரைக்கும், எல்லாமே அப்படி. நிழல் சாய்வாக விழுவதால் இடது பக்கமும் வலது பக்கமும் மாறி மாறிச் சத்தம் போட்டிருக்கின்றன. ஒரு பக்கம் அரிப்பு அதிகம், மறுபக்கம் குறைவு. அழுத்தமாக ஒன்று, லேசாக ஒன்று. அடுத்த வாரம் கோயில் திருவிழாவுக்குச் சங்கிலியை எடுத்துவிடுவதாக இருந்தார்கள். தேர் பார்க்க ஊரே அந்தப் பாலத்தில் ஏறியிருக்கும்.

மேற்குப் பாதி சென்சார்களில் முனிராஜ் போன நாள் இல்லை. அழிந்துவிட்டது. நான் நடுப்பாலத்தில் நின்றேன். கீழே ஆறு கறுப்பாக ஓடியது. அந்த இடத்திலிருந்துதான் அவர் பேசியிருக்கிறார். அதைத் தாண்டிக் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றியது.

"பாரும்மா, அடுத்தது," என்றார் வெங்கடேசப்பா பின்னாலிருந்து.

அடுத்த கேபிள் கிழக்குப் பாதியின் முதல் கேபிள். அந்தப் பாதி அன்றிலிருந்து அசையவே இல்லை. அசையாததால் எதுவும் அழியவும் இல்லை. கருவியைப் பிடித்தேன். நுரை மூடிய அந்தச் சாயங்காலம் அப்படியே உள்ளே இருந்தது. ஒரு நடை. அழுத்தமாக ஒன்று, லேசாக ஒன்று. இழுவிசைக் கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. இதில் எடை இருந்தது. அடுத்த கேபிளுக்குப் போனேன், அங்கும் இருந்தது. அதற்கடுத்ததிலும். என்னை அறியாமலே நான் வேகமாக நடந்திருக்கிறேன், பெல்ட் பிடித்து இழுத்தது. கிழக்கு முனையின் கடைசிக் கேபிள் வரைக்கும் அந்த நடை இருந்தது. அதன் பிறகு பாலம் அசையவில்லை.

வெங்கடேசப்பா அதை இரண்டு முறை பார்த்தார். "இவரு ஆத்துல விழல," என்றார்.

ஆள் யார் என்று சென்சார் சொல்லாது, காலின் பாரத்தை மட்டும்தான் சொல்லும் என்று போலீஸிடம் அவர் தெளிவாகச் சொன்னார். ஒருவர் அந்தச் சாயங்காலம் பாலத்தைக் கடந்து கிழக்குக் கரையில் இறங்கியிருக்கிறார், இதுவரை ஆற்றில் மட்டும்தான் தேடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்றார். போலீஸ்காரர் முதலில் நம்பவில்லை. பிறகு எங்களோடு கிழக்குக் கரைக்கு வந்தார்.

பாலம் முடிகிற இடத்தில் பாதை வலப்பக்கம் திரும்பி ரோட்டுக்கு ஏறும். திரும்பாமல் நேரே போனால் கொஞ்ச தூரத்தில் அந்தக் கைவிட்ட குவாரி. வேலி கிடையாது. செங்குத்தாக வெட்டிய கல் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். சுவரில் விளிம்பு வரைக்கும் சாம்பல் நிறப் பொருக்கு படிந்திருந்தது. ஆற்றிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்த நுரை, அன்று குழி முழுக்க நிரம்பித் தரையோடு தரையாக நின்றிருக்கிறது. மேலே நின்று பார்த்தவருக்குப் பாதையும் குழியும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும்.

அன்று மதியம் தீயணைப்புக்காரர்கள் அவரை எடுத்தார்கள். நான் அங்கே நிற்கவில்லை. வெங்கடேசப்பா நின்றார். ரத்னம்மா வரும் வரைக்கும் நின்று, பிறகுதான் வந்தார்.

கிளாம்ப்புகள் அத்தனையும் மாற்றினார்கள். குவாரியைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. பாலம் பல மாதங்கள் கழித்துத்தான் திறந்தது. மாலை நடை நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று தெரிந்தும், பொழுது சாய்கிற நேரத்தில் அந்தப் பாலத்தைத் திரையில் திறந்து பார்க்கிற பழக்கம் வேலையைவிட்டு வரும்வரை எனக்குப் போகவில்லை. வெங்கடேசப்பாவுக்கும் போகவில்லை என்று நினைக்கிறேன். ஒன்றிரண்டு முறை அவரும் பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

காரியமெல்லாம் முடிந்து ரத்னம்மா இன்னொரு முறை அலுவலகத்துக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். அன்றைய நடையைக் காட்டச் சொன்னார். கிழக்குப் பாதியை மட்டும் காட்டினேன், எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். திரையில் ஒவ்வொரு துடிப்பாக விரல் வைத்துக்கொண்டே போனார். கடைசிக் கேபிள் வந்ததும் விரல் நின்றது. இதற்கப்புறம் என்ன என்று கேட்டார். அங்கே எங்கள் கேபிள் எதுவும் இல்லை என்றேன்.

விரலை எடுக்காமல், "ஓடுனாராக்கா? பயந்துட்டு?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அது உண்மைதான். முதலில் தடவித் தடவி மெதுவாக வந்திருக்கிறார். முனை நெருங்க நெருங்க நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டிருக்கிறார், ஆனால் ஓடவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

ரத்னம்மா அதைக் கேட்டுத் தலையசைத்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"கரை வந்துடுச்சுன்னு நெனச்சிருப்பாரு," என்றார்.